அடுத்தவள் கூடை

பில் போடும் வரிசையில் நிற்கும்போது எனக்குப் பொழுது போவது அடுத்தவர் கூடையைப் பார்த்துத்தான். செங்கம் ரோட்டில் இருக்கும் அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு நான் போவதே சோப்பு, பினாயில், தீப்பெட்டி வாங்கத்தான். வாயில் போடுகிற சாமான் எதையும் அங்கே வாங்குவதில்லை. மிளகாயையும் மல்லியையும் மாடியில் காயவைத்து மெஷினில் கொடுத்து அரைப்பேன். எண்ணெய் செக்கில் ஆட்டியது. இட்லி மாவு வாரத்தில் இரண்டு நாள் நானே ஆட்டுவேன். ஊரில் சொல்லிக்கொள்வதற்குத்தானே இதையெல்லாம் செய்தாய் என்று யாராவது கேட்டால், பாதிக்குப் பாதி ஆமாம் என்பேன்.

கூடையைப் பார்த்தால் வீட்டையே பார்த்த மாதிரி என்பது என் கட்சி. உரித்த பூண்டு வாங்குகிறவள் காலையில் வெயில் முகத்தில் அடித்த பிறகு எழுந்திருப்பவள். பாதி வெந்த சப்பாத்தி வாங்குகிறவள் மாமியாரை வேறு வீட்டுக்கு அனுப்பியவள். கரைத்த புளியைப் பாட்டிலில் வாங்குகிறவளைப் பற்றிச் சொல்ல என்னிடம் வார்த்தையே கிடையாது. புளியை ஊறப்போட்டுப் பிசையக்கூடக் கை வராதவள் சாப்பிடுவதற்கு மட்டும் எப்படிக் கையைத் தூக்குகிறாள் என்று தோன்றும். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களை மட்டும் விட்டுவிடுவேன். ஓட்ஸும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போகட்டும், அவர்களைக் கேட்க இங்கே மாமியாரா இருக்கிறார்கள்.

மனசுக்குள் நினைத்துக்கொண்டு போயிருந்தால் பாவமில்லை. நான் வாய்விட்டுக் கேட்பேன். ஒரு பள்ளிக்கூட டீச்சர் நாலு நூடுல்ஸ் பாக்கெட்டோடு நின்றாள். "ஏன் டீச்சர், வெந்நியாவது நீங்களே வெக்கிறீங்களா, இல்ல அதுவும் பாக்கெட்ல வருதா?" என்றேன். வரிசை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் அவள் பக்கெட், துடைப்பம் இருக்கிற பக்கம் போய், நான் வெளியேறும் வரை நின்றுகொண்டிருப்பாள். இன்னொரு நாள் புதிதாகக் கல்யாணமான ஒரு பெண். தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை. கூடையில் இரண்டு மாவு பாக்கெட். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன், இரண்டு பேர் என்றாள். "ரெண்டு பேருக்கு மாவாட்ட முடியலன்னா, நாளைக்குக் கொழந்த பொறந்தா அதை யாரு வளப்பா?" என்றேன். அவள் இரண்டு பாக்கெட்டையும் கொண்டுபோய்த் திரும்ப வைத்துவிட்டு வெறும் கையோடு போனாள். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவர் பேப்பரை மடித்துவிட்டு, "அப்ப இன்னிக்கு ராத்திரி அவங்க ரெண்டு பேரும் இன்னா சாப்பிடுவாங்க?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு எதிர் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். பன்னிரண்டு வருஷமாக எதிரும் புதிருமாகக் குடியிருக்கிறோம். என்னை அக்கா என்பாள், அவள் மகள் என்னைப் பெரியம்மா என்பாள். புருஷன் மகளின் பள்ளிக்கூட வயசிலேயே போய்விட்டான். ஆசிரமத்துக்குப் பின்னால் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலை. விடியற்காலையில் போனால், நாற்பது பேருக்குக் காய் நறுக்கி, மாவு பிசைந்து, சப்பாத்தி போட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்புவாள். சமைத்துப் பிழைக்கிறவள் தன் வீட்டில் என்ன சமைக்கிறாள் என்று நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். பெரும்பாலும் ஒரு ரசம், ஒரு அப்பளம். அதைச் சமையல் என்று நான் கணக்கில் சேர்த்துக்கொண்டதே இல்லை.

அந்த ஒரே மகளைக் கீழ்பென்னாத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தாள். நிலம் நீச்சு உள்ள குடும்பம். அவள் சக்திக்கு அது பெரிய இடம் என்பது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், அந்தச் சம்பந்தியம்மாவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். போன வருஷம் மகள் உண்டானாள். எங்கள் பக்கத்தில் முதல் பிள்ளைக்கு ஏழாம் மாசம் வளைகாப்பு. பெண்ணைப் பெற்றவள் ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் அந்தச் சோற்றைப் போட்டு, பெண்ணுக்கு வளையல் அடுக்கி, கையோடு பிரசவத்துக்கு அழைத்துவந்துவிட வேண்டும்.

அவள் அதற்காகத்தான் ஆறு மாசமாக உயிரை வைத்துக்கொண்டிருந்தாள். உள் அறைக்கு வெள்ளை அடித்தாள். மகளுக்கு இறங்கி ஏறச் சிரமம் இல்லாத உயரத்தில் ஒரு கட்டில் வாங்கினாள். கெஸ்ட் ஹவுஸ் முதலாளியிடம் மூன்று மாசம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அந்த மூன்று மாசத்துக்கு ஈடாக அதற்கு முன்னால் ஒரு நாள்கூட லீவு போடாமல், ஆள் வராத நாளில் சாயங்கால வேலையையும் சேர்த்துச் செய்தாள். இதெல்லாம் எனக்கு அவளே வாசலில் நின்று சொன்னது. பிறகு தெரிந்துகொண்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

வளைகாப்பு பௌர்ணமிக்கு மறுநாள் அமைந்துவிட்டது. பௌர்ணமிக் கிரிவலத்துக்குக் கூட்டம் வழியும் இந்த ஊரில் அன்றைக்குக் கெஸ்ட் ஹவுஸ் வேலைக்காரி லீவு கேட்டால் அதோடு வேலைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். பௌர்ணமிக்கு முதல் நாள் மதியம் நான் பினாயில் வாங்கப் போனேன். அவள் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கூடை நிறையச் சோற்றில் கிளறுகிற ரெடிமேட் பாக்கெட். புளிச்சோற்றுக்கு ஒரு கட்டு, எலுமிச்சைக்கு ஒரு கட்டு, தக்காளி, புதினா, தேங்காய் என்று தனித்தனியாக. என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கூடைமேல் போட்டாள்.

"இன்னாது இத்தினி?" என்றேன்.

"கெஸ்ட் ஹவுஸுக்குக்கா. வாங்கியாரச் சொன்னாங்க."

பொய். வெள்ளைக்காரனுக்கு எதற்குப் புளிச்சோறு? அந்த இடத்திலேயே அவளைப் பிடித்திருக்கலாம். எங்கள் இரண்டு பேர் காதோடு போயிருக்கும். இல்லை, "கொடு, நான் பண்ணித் தரேன்" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வேறு வேலை இல்லை. வீட்டில் வறுத்து அரைத்த பொடி இருந்தது, பழைய புளி இருந்தது, நல்லெண்ணெய் இருந்தது. புளிக்காய்ச்சல் என் கையால் பண்ணினால் பத்து நாள் கெடாது என்று அவளே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் என்னைக் கேட்கவில்லை. பன்னிரண்டு வருஷம் எதிர் வீட்டில் இருந்துவிட்டு, இவ்வளவு பெரிய காரியத்துக்கு என்னிடம் வராமல் கடைக்குப் போயிருக்கிறாள். அது எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவள் ஏன் கேட்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் செய்து கொடுத்திருப்பேன், செய்து கொடுத்ததைத் தெரு முழுக்கச் சொல்லியிருப்பேன். ஒன்றும் பேசாமல் சிரித்துவிட்டு வந்தேன். அதை மனசில் எடுத்து வைத்துக்கொண்டேன் என்பதுதான் சரியான வார்த்தை.

வளைகாப்பு அன்று வேன் பிடித்துக் கீழ்பென்னாத்தூர் போனோம். ஏழு எவர்சில்வர் தூக்கு, ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் துணி கட்டி அவள் மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு வந்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. முந்தின நாள் பௌர்ணமி வேலை முடிந்து வந்து, படுக்காமலேயே சோறு வடித்துக் கிளறியிருக்கிறாள். அங்கே அறுபது பேருக்குமேல் கூட்டம். மகள் பச்சைப் பட்டு கட்டி, கன்னத்தில் சந்தனத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருத்தராகப் போய் வளையல் போட்டோம். நானும் இரண்டு கைக்கும் போட்டு, நெற்றி வழித்துத் திருஷ்டி கழித்தேன். "பெரியம்மா, நாளைலேர்ந்து உங்க வீட்டு எதிர்ல தான் இருப்பேன்" என்று காதில் சொல்லிச் சிரித்தது.

பந்தியில் சம்பந்தியம்மா எனக்குப் பக்கத்து இலை. புளிச்சோற்றை ஒரு வாய் வைத்தவள் தலையை ஆட்டினாள். பரிமாறிக்கொண்டு வந்த பெண்ணின் அம்மாவை நிறுத்தி, "புளிச்சோறு ரொம்ப நல்லா இருக்குதுங்க. நீங்களே காய்ச்சினதா?" என்று கேட்டாள். நல்ல மனசோடு கேட்ட கேள்விதான். அவள் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் நான் வாயைத் திறந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"ஆமாங்க, வீட்ல காய்ச்சினதுதான்" என்றாள் அவள்.

"வீட்ல காய்ச்சினாளாம்!" என்று நான் சிரித்தேன். பந்திக்கே கேட்கிற சத்தம். "முந்தாநேத்து கடையில என் கண்ணு முன்னாடி தானடி கூடை நெறைய வாங்கின? புளிக்கு ஒரு பாக்கெட், எலுமிச்சைக்கு ஒரு பாக்கெட், தக்காளிக்கு ஒரு பாக்கெட். சோறு மட்டும் தாங்க வீட்ல வடிச்சது. தயிருகூட எந்தப் பாக்கெட்டோ, அவளைத்தான் கேக்கணும்."

நாலைந்து பேர் சிரித்தார்கள். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. கையிலிருந்த கவளத்தை இலையில் திரும்ப வைத்தாள். வைத்துவிட்டு, மற்ற ஆறு சோற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு இலையை மூடினாள். அவளைப் பார்த்து அவள் நாத்தனார் மூடினாள், அடுத்து ஓரகத்தி. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வரிசையாக எழுந்து கை கழுவப் போனார்கள். பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியைத் தூக்குக்குள் போட்டுவிட்டு, மகள் இருந்த பக்கம் திரும்பாமல் நின்றாள். மகள் வளையல் கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் என் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

நாலு மணிக்கு வேனில் ஏற வேண்டும். மகளின் பையை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது சம்பந்தியம்மா அந்தப் பையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"பொண்ணு இங்கியே இருக்கட்டுங்க" என்றாள்.

"முதல் பிரசவம்ங்க. எங்க வீட்ல தானுங்க பாக்கணும். ரூமெல்லாம் ரெடி பண்ணிட்டேன். மூணு மாசம் வேலைக்கும் போவல."

"ஒரு நாளு கட்டுச்சோத்துக்கே பாக்கெட்டத் தேடிப் போனவங்க, பிள்ள பெத்தவளுக்கு மூணு மாசம் பத்தியம் எங்கேர்ந்து போடுவீங்க? அதுக்கும் கடையில விக்குதா?"

கெட்டிக்காரத்தனமாகப் பேசினாள். நான் பேசுகிற மாதிரியே இருந்தது. மகள் அழுதது, மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். பெரியவர்கள் யாரோ சமாதானம் பேசினார்கள். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள், ஒன்றும் நடக்கவில்லை. காலியாகாத தூக்குகளை மறுபடி வேனில் ஏற்றினோம். வழி முழுக்க அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றும்போது என் வீட்டுக்காரர், "அந்தப் புளிச்சோற நீ ரெண்டாவது தடவ கேட்டு வாங்கின" என்றார். அவர் ஆண்கள் பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னது உண்மைதான். பெருங்காயம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. மற்றபடி நன்றாகத்தான் இருந்தது.

அவள் மறு வாரமே வேலைக்குத் திரும்பிவிட்டாள். வீட்டில் இருந்து யாரைப் பார்க்க? என்னோடு பேச்சு நின்றுபோனது. வாசலில் தண்ணீர் தெளிக்கும்போது நேருக்கு நேர் பார்த்தால் உள்ளே போய்விடுவாள். தெருவில் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கடையில் நான் வரிசையில் போய் நின்றால் எனக்கு முன்னால் நிற்கிறவள் கூடையை அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொள்வாள். முன்பும் அப்படித்தான் மாற்றியிருப்பார்கள், நான் அதைப் பயம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை மாசம் பொறுத்துப் பார்த்தேன். மகளுக்கு ஒன்பதாம் மாசம் பிறந்துவிட்டது. இப்போதும் போகாவிட்டால் பிறகு போய்ப் பிரயோசனம் இல்லை என்று தோன்றியது. ஒரு டப்பா முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். நான் சொன்னது பொய், விளையாட்டுக்குச் சொன்னேன், அவள் கையால் காய்ச்சினதுதான் என்று சொல்லி, எப்படியாவது பெண்ணை அனுப்பச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். சொந்த அக்கா வந்த மாதிரி. "மொதல்ல சாப்பிடுங்க, அப்பறம் பேசலாம்" என்று இலை போட்டாள். மொச்சைக்கொட்டைக் குழம்பு. ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது, மிக்ஸியில் அரைத்த மசாலா இல்லை. அம்மியில் வைத்து, தேங்காயும் மிளகாயும் திப்பி தெரியாமல் இழுத்து அரைத்தது. நான் சாப்பிட்ட எத்தனையோ வீட்டில் இப்படி ஒரு குழம்பு கிடையாது. வந்த காரியத்தை மறந்து, "இதுதாங்க சமையல்" என்றேன். "இப்படி அம்மியில அரைக்க இன்னிக்கு யாரு இருக்காங்க?"

"எல்லாம் உங்க புண்ணியம்" என்றாள் சம்பந்தியம்மா. "நீங்க அன்னிக்குச் சொன்னதும் தான் எனக்குப் புத்தி வந்துச்சு. அம்மாக்காரி பழக்கம் பொண்ணுக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு மறுநாளே பின்னாடி அம்மிய கழுவிப் போட்டேன். இப்ப நம்ம வூட்ல பாக்கெட்னு ஒண்ணு உள்ள வராது. மூணு வேளையும் மருமவதான்."

பின்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மகள் அம்மிக்கு முன்னால் உட்கார முடியாமல், ஒரு பலகையைப் போட்டு, காலை அகட்டி, வயிற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு சாயங்காலத்துக்கு அரைத்துக்கொண்டிருந்தது. விரலெல்லாம் மிளகாய்ச் சிவப்பு. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தது. 

"அம்மா, அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க" என்றேன். "வெளையாட்டுக்குச் சொன்னேன். அவதான் காய்ச்சினா. நான் கூட இருந்து பாத்தேன்."

சம்பந்தியம்மா சிரித்தாள். "உங்களுக்குப் பெரிய மனசுக்கா. எதிர் வூட்டுக்காரங்கள விட்டுக் குடுக்காம பேசறீங்க. ஆனா அவங்களே அன்னிக்கு ராத்திரி போன் பண்ணி ஒத்துக்கினாங்களே. ஆமாங்க, பாக்கெட்தாங்க, மன்னிச்சிடுங்க, பொண்ண மட்டும் அனுப்புங்கன்னு அப்படி அழுதாங்க. பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்குன்னு அனுப்ப முடியுமா?"

நான் பஸ்ஸில் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தது அத்தோடு முடிந்தது. இலையில் மிச்சம் வைத்தால் பெண்ணுக்குத்தான் பேச்சு விழும் என்று முழுக்கச் சாப்பிட்டேன். மகள் எழுந்து வந்து இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றியது. கிளம்பும்போது வாசல் வரைக்கும் அதுதான் வந்தது.

"பெரியம்மா, அம்மா கேட்டா, நீங்க வந்தப்போ நான் உக்காந்து சாப்பிட்டுக்கினு இருந்தேன்னு சொல்லுங்க" என்றது. என் மேல் கோபம் இருந்ததாகவே தெரியவில்லை. அதற்கு அந்த ஒரு வார்த்தை போய்ச் சேர்ந்தால் போதும் என்கிற மாதிரி இருந்தது.

சாயங்காலம் எதிர் வீட்டுக் கேட்டைத் தட்டினேன். அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து முகம் கழுவியிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். "உன் பொண்ணப் பாத்துட்டு வரேன்" என்றதும் நின்றாள்.

"எப்படிக்கா இருக்கா?"

"நல்லா இருக்கா. நான் போனப்போ உக்காந்து சாப்பிட்டுக்கினு இருந்தா."

"இன்னா கொழம்பு?"

"மொச்சக்கொட்ட."

"யாருக்கா செஞ்சது?"

மகள் என்னிடம் ஒரு பொய்தான் கொடுத்து அனுப்பியிருந்தது. அடுத்ததை நானே சொன்னேன். "சம்பந்தியம்மா தான். உன் பொண்ண அடுப்புப் பக்கமே விடறது இல்ல. அம்மியில அரைச்சு ஊத்தறாங்க."

அவள் கேட்டின் மேல் கையை வைத்தாள். விரலில் புதிதாக ஒரு கத்திக் காயம், அதைச் சுற்றி பிளாஸ்திரி. பன்னிரண்டு வருஷத்தில் அவள் முகம் அவ்வளவு லேசாகி நான் பார்த்ததில்லை.

"அப்ப நீங்க அன்னிக்கு சொன்னதும் நல்லதுக்குத்தான்க்கா" என்றாள். "நான் உங்கள தப்பா நெனச்சுட்டேன். இங்க கூட்டினு வந்திருந்தா என்னால இப்படி அரைச்சுப் போட்டிருக்க முடியுமா? பாக்கெட்டத்தான் பிரிச்சிருப்பேன். நீங்க சொன்னது சரிதானே?"

அவள் பதிலுக்காக என் முகத்தைப் பார்த்தாள். நான் சரிதான் என்றேன்.